முந்நூறு பவுண்டு தாங்கும் பரண்

ஆர்விட் லாக்டெலா வீட்டுக் குளியலறையில் இருந்த எடைக் கருவி முந்நூறு பவுண்டுக்கு மேல் எண் காட்டாது. அவன் ஏறி நின்றால் வெறும் கோடுதான் வரும். அந்தக் கோட்டோடு அவன் பல வருடங்களாகச் சமாதானமாகக் குடித்தனம் நடத்தினான். எண் தெரியாதவரை எடையும் இல்லை என்பது அவன் நினைப்பு.

மிச்சிகனின் வடகோடியில் குளிர்காலம் முழுக்கச் சாலைப் பனியைத் தள்ளும் லாரி ஓட்டுவது அவன் வேலை. கோடையில் அதே லாரியில் சரளைக்கல் அடிப்பான். பள்ளிக்கூட நாளில் அவன் உடம்பு ஊருக்கே பெருமை. யார் கார் பள்ளத்தில் இறங்கினாலும் "ஆர்விட்டக் கூப்பிடு" என்பார்கள். ஐம்பதைத் தாண்டியதும் அதே உடம்பு கேலிக்குரியதாகிவிட்டது. பிறர் வாயைத் திறப்பதற்குள் தானே தன்னைக் கேலி செய்துகொள்ள அவனும் பழகிக்கொண்டான். அப்படிச் சிரிப்பவனிடம் யாரும் துருவிக் கேட்பதில்லை.

நவம்பர் பிறந்தால் மான் வேட்டை. எல்வுட் கிழவரின் காட்டுக் குடிலில் ஆர்விட்டும் அவன் பள்ளித் தோழன் வெண்டல் பிராட்சிக்கும் வந்து தங்குவார்கள். அந்தக் குடிலில் ஒரு வழக்கம் உண்டு. மானுக்குக் காத்திருக்க மரத்தின் மேல் பட்டையால் கட்டும் இரும்பு இருக்கைதான் பரண். எவன் பரண் எந்த மரத்தில் தொங்குகிறதோ அந்த மரம் அவனுடையது. அதனால் வேட்டை முடிந்தாலும் யாரும் பரணைக் கழற்றுவதில்லை. மழையிலும் பனியிலும் இரும்பு துருப்பிடித்தாலும் சரி, கட்டிய பட்டை இற்றுப்போனாலும் சரி, மரம் கைவிட்டுப் போகக்கூடாது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அங்கே அதுதான் சட்டம்.

போன வருடம் வேட்டையின் கடைசி நாள் மாலை, மேப்பிள் மரத்துப் பரணில் ஆர்விட் காலை மாற்றி வைத்தபோது அடியில் ஏதோ 'டக்' என்றது. இருக்கை ஒரு பக்கமாக விரலளவு இறங்கியது. அவன் மரத்தைக் கட்டிக்கொண்டு மூச்சுவிடக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தான். கொம்புள்ள கடா மான் ஒன்று நேர்கீழே வந்து நின்று, நிதானமாக மேய்ந்துவிட்டுப் போயிற்று. துப்பாக்கியைத் தூக்க அவனுக்குக் கை வரவில்லை. பரண் தகட்டில் 'முந்நூறு பவுண்டு' என்று பொறித்திருந்தது இறங்கும்போதுதான் கண்ணில் பட்டது.

மனைவி மார்லிஸிடம் மட்டும் சொன்னான். அவள் கத்தவில்லை. துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு, மரம் ஏறுறத விடு. இல்ல, உள்ளத உள்ளபடி சொல்லி ஒனக்கேத்ததா வாங்கு. ரெண்டுல ஒண்ணு செய். நான் இன்னொரு நவம்பர் ஃபோனப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க மாட்டேன்."

அடுத்த அக்டோபரில் அவளே அவனைத் தீவனக் கடைக்கு இழுத்துப் போனாள். பூட்ஸ், கம்பளிச் சட்டை, ஆரஞ்சு கோட்டு, துப்பாக்கி, சாப்பாட்டுப் பை எல்லாவற்றோடும் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினாள். முந்நூற்று ஐம்பத்திரண்டு. கடைக்காரர் நல்ல மனுஷன், அந்தப் பக்கம் திரும்பி எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார்.

தன்னை யாருக்கும் தெரியாத தூரத்து ஊர் வேட்டைச் சாமான் கடைக்குப் போய் ஆர்விட் அந்த எண்ணைச் சொன்னான். கல்லாவில் இருந்த பெண் கண்கூடச் சிமிட்டவில்லை.

"அப்போ முன்னூறு போட்டதத் தொடவே தொடாதீங்க சார். தகட்டுல இருக்கற கணக்கு ஒடம்புக்கு மட்டும் இல்ல. துணி, துப்பாக்கி, பை எல்லாம் சேத்துத்தான். ரெண்டு பேர் ஒக்கார்ற ஏணிப் பரண் எடுத்துக்கோங்க, ஐநூறு தாங்கும். நேரா நிக்கற பச்ச மரமாப் பாத்துக் கட்டுங்க. பட்டைய வருஷா வருஷம் மாத்துங்க. பாதுகாப்பு பெல்ட்டும் பெரிசா வேணும். கோட்டுக்கு மேலேயே போட்டுப் பாத்து வாங்குங்க, இல்லேன்னா காட்டுல போய் மாட்டாது."

இவ்வளவுதானா என்றிருந்தது ஆர்விட்டுக்கு. எடையை வாய்விட்டுச் சொன்னான், வானம் இடிந்து விழவில்லை. அவள் சொன்ன பரணை வாங்கிக்கொண்டு திரும்பி வரும் வழியெல்லாம் அவனுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் குடில் வாசல் வரைக்கும்தான் வந்தது.

"ரெண்டாவது சீட்டு யாருக்குடா? மார்லிஸும் வர்றாளா?" என்று வெண்டல் ஆரம்பித்தான். அவனும் சதைப்பிடிப்பான ஆள்தான். ஆர்விட்டைவிட ஒரு தலை குள்ளம், வயிறு மட்டும் சளைக்காதது.

"மான் வந்தா ஒக்காந்து ரெண்டு வார்த்த பேசிட்டுப் போகட்டும்னுதான்" என்றான் ஆர்விட்.

எல்வுட் சிரித்துச் சிரித்து இருமினார். "சரி, உண்மையச் சொல்லு. இப்போ எத்தன பவுண்டு நீ?"

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தான் ஆர்விட்.

"எரநூத்தித் தொண்ணூறு. முட்டி வலி. ஏணின்னா ஏறச் சுலபம்."

வெண்டலின் முகம் மலர்ந்தது. "நெசமாவா? அப்போ நான் எரநூத்தி எழுவது இருந்தா ஜாஸ்தி! என் பொண்டாட்டி வெர்னா என்னடான்னா முன்னூறத் தாண்டிட்டேன்னு தெனம் உயிர வாங்கறா." தொடையில் தட்டிக்கொண்டான். "டேய், மேப்பிள்ல ஒன் பழைய பரண் சும்மாத்தானே தொங்குது? எனக்குக் குடு. என் சதுப்புப் பக்கம் மான் வந்து எத்தன வருஷமாச்சு!"

"அது வேணாம்டா. பழசு. கழட்டிப் போடப் போறேன்."

"பழசா? ஒன்னையே தாங்கிச்சேடா!" வெண்டலின் சிரிப்பு அடங்கியது. "மரத்த விடமாட்டேன்னு நேரா சொல்லிட்டுப் போயேன். எதுக்குச் சுத்தி வளைக்கற?"

"ஒரு ஆளுக்கு ரெண்டு மரமா, ஆர்விட்? இங்க அப்படி யாரும் வச்சுக்கிட்டதில்ல" என்றார் எல்வுட், சிரிக்காமல்.

அந்தக் குடிலில் குண்டன் என்ற பெயரோடு வாழ்ந்துவிடலாம், கஞ்சன் என்ற பெயரோடு முடியாது. ஒரே ஒரு வாக்கியம் போதும். நான் முந்நூற்று ஐம்பத்திரண்டு, அது எனக்கடியில் விட்டுக்கொடுத்தது என்று சொன்னால் தீர்ந்தது. சற்று முன் சொன்ன பொய் அந்த வாக்கியத்தை மறித்து நின்றது.

"எடுத்துக்கோ. பட்டைய மட்டும் புதுசாக் கட்டு. கம்பியையும் ஒரு தடவ பாத்துக்கோ" என்றான்.

"ஒன் ஆனை ஒடம்பத் தாங்கின கம்பிக்கு என்னடா கேடு!" என்றான் வெண்டல். எல்லோரும் சிரித்தார்கள். ஆர்விட்டும் சிரித்தான். அந்தச் சிரிப்பை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்தபோது மெல்லிய பனி விழுந்திருந்தது. புதுப் பரண் முனகக்கூட இல்லை. வெண்டல் ஏறியிருக்க மாட்டான், ஏறினாலும் ஒன்றும் ஆகாது என்று ஆர்விட் தன்னைத் தேற்றிக்கொண்டே இருந்தான். வெளிச்சம் நன்றாக வந்த வேளையில் மேப்பிள் பக்கமிருந்து இரும்பு முறியும் சத்தம் கேட்டது. கூடவே ஒரு அலறல். இரண்டாவது அலறல் கேட்கவில்லை.

ஆர்விட் இறங்கி ஓடினான். ஓடி எத்தனையோ வருடமாகியிருந்தது. வெண்டல் வேரின்மேல் மல்லாந்து கிடந்தான். கட்டியிருந்த பட்டை புதிது, மரத்திலேயே இருந்தது. இருக்கையின் பற்றவைப்புதான் பிளந்திருந்தது. பாதுகாப்பு பெல்ட் தோளில் சும்மா தொங்கியது. வயிற்றுக்கு மேல் அதன் கொக்கி எட்டவில்லை.

"கால் இருக்கா பாருடா" என்றான் வெண்டல். "எனக்குத் தெரியல."

"இருக்கு. இருக்குடா."

எல்வுட் ஃபோன் செய்து ஆட்களை வரவழைத்தார். ஆம்புலன்ஸ் பெண் முட்டிபோட்டு உட்கார்ந்து, ஊசி மருந்தைக் கையில் எடுத்தாள்.

"வலிக்குப் போடறேன். எடை எவ்வளவு? சரியாச் சொல்லுங்க, மருந்து அதப் பொறுத்துத்தான்."

"எரநூத்தி எழுவதுன்னு நேத்து சொன்னான்" என்றார் எல்வுட்.

"இல்ல" என்றான் ஆர்விட். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "அது என்னைய வச்சுப் போட்ட கணக்கு. நான் எரநூத்தித் தொண்ணூறு இல்ல. கோட்டு, துப்பாக்கியோட முன்னூத்தி அம்பத்திரண்டு. போன மாசம் நிறுத்துப் பாத்தேன். இவன் முன்னூறுக்கு நல்லா மேல இருப்பான்."

அந்தப் பெண் தலையாட்டி மருந்தை அளந்தாள். அவளுக்கு அது வெறும் எண். எல்வுட் ஆர்விட்டையே பார்த்தார், பிறகு பிளந்து கிடந்த இருக்கையைப் பார்த்தார்.

வெண்டல் கண்ணைத் திறந்திருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது.

"தெரிஞ்சுதான் குடுத்தியாடா?" என்றான்.

ஆட்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். ஆள் பற்றாமல் ஆர்விட்டும் ஒரு பிடியைப் பிடித்தான், வெண்டலின் முகத்துக்குப் பக்கத்திலேயே. வெண்டல் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். சாலை வரும்வரை அவன் திரும்பவே இல்லை. ஆம்புலன்ஸ் மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் வெண்டல் இறந்துவிட்டான்.