அக்காவுக்கும் அதேதான்

சுனாமிக்கு மறு வருஷம். பதினாறு முடிந்தும் என் மகள் பெரியவளாகவில்லை. உயரம் வந்தது, மார்பு வந்தது. அது மட்டும் வரவில்லை. எள்ளும் வெல்லமும் இடித்துக் கொடுத்தேன், உளுந்தங்களி கிண்டினேன். அரியாங்குப்பத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டில் மஞ்சள் நீராட்டுக்குப் பந்தல் போட்டாலும் நான் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவேன். பத்திரிகை வைக்க வருகிறவர்கள், "நீ எப்ப விருந்து போடப் போற?" என்று சிரிப்பார்கள். நான் ஏழாவதோடு நின்றவள். புரியாத எதற்கும் மோசமானதைத்தான் முதலில் நினைப்பேன். வயிற்றில் கட்டியோ என்று பயந்தேன்.

ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முடிந்து டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"உங்க பொண்ணுக்குக் கர்ப்பப்பை இல்லம்மா. குரோமோசோம் ஆண்களுக்கு இருக்கற மாதிரி எக்ஸ் ஒய்."

"அப்ப இது பையனா?" கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன்.

"பொண்ணுதாம்மா. கருவுல ஆரம்பத்துல எல்லாரும் ஒரே மாதிரிதான். ஒய்ல இருக்கற ஜீன் விதைப்பைய உண்டாக்கும், அது ஆண் ஹார்மோனச் சுரக்கும். இவளுக்கும் வயித்துக்குள்ள சுரக்குது. ஆனா உடம்பு அத ஏத்துக்கல. கூப்பிடற சத்தம் காதுல விழாத மாதிரி. அதனால பொண்ணாவே வளந்துட்டா. கர்ப்பப்பைய வளரவிடாத ஹார்மோன் வேற. அது மட்டும் தன் வேலையச் செஞ்சிருச்சு."

பாதிதான் புரிந்தது.

"இது பெரும்பாலும் அம்மா வழியா வரும். உங்க வீட்ல வேற யாருக்காச்சும் இப்படி இருக்கா? உங்க பொண்ணுகிட்டயும் மறைக்காம சொல்லணும்மா."

என் அக்கா நினைவுக்கு வந்தாள். அவளும் பெரியவளாகவில்லை. அம்மா அதை மறைத்துக் கட்டிக்கொடுத்தாள். மாமா, பிள்ளை இல்லையென்று திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டார். அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் ஆலத்தித் தட்டை அவள் கையில் யாரும் கொடுத்ததில்லை. அக்கா பற்றிச் சொன்னதும் டாக்டரம்மா, அதுவாகத்தான் இருக்கும் என்றார்.

மகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேங்காய்த்திட்டில் மீன் விற்கும் அக்காவிடம் போய்ச் சொன்னேன். கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"அப்ப எம்மேல தப்பு இல்லியாடி?"

"இல்லக்கா."

"அந்தாளு போய்ச் சேந்துட்டான். இனிமே இத யாருகிட்ட போய்ச் சொல்றது?" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பாப்பாகிட்ட நான் சொல்றேன். நீ சொன்னா அழுதே அவளப் பயமுறுத்திடுவ."

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். "உனக்கும் எனக்கும் ஒரே ஒடம்புடி."

மகள் கேட்டாள்: "பெரிம்மா, அப்ப என்னையும் திருப்பி அனுப்பிடுவாங்களா?"

"என்ன மறைச்சுக் கட்டிக் குடுத்தாங்க. உன்ன மறைக்க மாட்டோம்."

சொல்லிவிட்டு அக்கா என் முகத்தைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள். நான் சரியென்று தலையை ஆட்டினேன். ஆட்டுவதற்குள் எங்கள் தெருவின் ஒவ்வொரு வீட்டு வாசலும் கண்முன் வந்து போனது.