தாயின் பெயரோடு ஒரு கடிதம்

ஜெர்மனியில், பான் நகரில் ஓர் ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறேன். பழைய கடிதங்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. போன வருடம் என் மேசைக்கு வந்தவை, போலந்தில் வாழ்ந்த ஒரு ரபி, அதாவது ஹசிதிய யூத மதகுரு, ஜெர்மனியில் இருந்த ஒரு துணி வியாபாரிக்கு எழுதிய கடிதங்கள். எல்லாம் தன் குடும்பத்துக்காகப் பண உதவி கேட்டு எழுதியவை. அவர் எழுதிய யிட்டிஷ் மொழி எனக்குத் தெரியாது. பக்கத்து மேசைப் பெண் வாசித்து ஜெர்மனில் சொல்லுவாள், நான் குறிப்பு எழுதுவேன்.

பழைய அட்டவணையில் யாரோ "பிச்சைக் கடிதங்கள்" என்று பதிந்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அந்த ரபி எங்கும் கெஞ்சவில்லை. நோயாளி மகளின் பெயரை எழுதுகிறார், அதோடு அவளைப் பெற்றவளின் பெயரையும் எழுதுகிறார். வைத்தியருக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு, இந்தப் புண்ணியத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு என்கிறார். அவ்வளவுதான். ஏன் தாயின் பெயர் என்று கேட்டேன். ஒருவருக்காகக் கடவுளிடம் வேண்டும்போது தாயின் பெயரைச் சேர்த்துச் சொல்வது அவர்கள் வழக்கம் என்றாள். அட்டவணையில் பிச்சையை அடித்துவிட்டு "உதவி கோரும் கடிதங்கள்" என்று மாற்றினேன். யாரும் மறுக்கவில்லை.

எனக்கும் அப்போது ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கச்சிக்கு இதய அறுவைச் சிகிச்சை. கொழும்பு ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டார்கள். என்னிடம் பாதிப் பணம்தான் இருந்தது. மீதிக்கு டிரெஸ்டனில் இருக்கும் அண்ணையை விட்டால் ஆளில்லை. அவர் உழைத்து அனுப்பிய காசில் கட்டிய வீட்டை அம்மா தங்கச்சிக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்ததிலிருந்து அவருக்கு அவளோடு பேச்சில்லை. அம்மாவின் செத்தவீட்டுக்குப் போனபோதும் பேசவில்லை.

இரண்டு தடவை அவருக்குப் போன் எடுத்தேன். எங்கள் ஆட்கள் உதவி கேட்கிற விதம் தெரியுமே. குளிர், முழங்கால், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் விசாரித்தேன். "என்ன விசயம்?" என்று அவர் கேட்டதும், "ஒண்டுமில்லை, சும்மாதான் எடுத்தனான்" என்றேன். என்மேலேயே எரிச்சல் வந்தது.

ஆகவே ரபியின் வழியில் இறங்கினேன். தங்கச்சியின் பெயர், அம்மாவின் பெயர், நோய், நாள், பணம் போதாது என்ற செய்தி. சுகம் விசாரிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. தபாலில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அண்ணை அழைத்தார்.

"அம்மான்ர பேரை ஏன் எழுதினனீ? எனக்குத் தெரியாதோ?"

"அவளுக்காகக் கேக்கிற நேரம் அப்பிடித்தான் எழுத வேணும், அண்ணை."

கடிதத்தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"எல்லாம் எழுதினனீ, தொகையை எழுதேல்லை."

உண்மைதான். எவ்வளவு துணிந்தும் அந்த ஒரு வரி என் கைக்கு வரவில்லை. பாதி என்னிடம் இருக்கிறது என்று சொல்லி, மீதியைச் சொன்னேன்.

"உன்ர பாதி உன்னட்டையே இருக்கட்டும். வீட்டுக் கதை வேற, அது முடியேல்லை. ஒப்பரேசனுக்கு முழுக்க எவ்வளவு, அதைச் சொல்லு."