கேள்விக்குறி இல்லாத குறுஞ்செய்தி

அம்மாவின் "ஹண்டி" என்ற கைபேசியில் ஒன்றாம் இலக்க விசை மற்றவற்றைவிடக் கடினமானது; விரல்நுனி வெளுக்கும்வரை அழுத்தினால்தான் "டிக்" என்று இறங்கும். ஒருமுறை அழுத்தினால் முற்றுப்புள்ளி, இரண்டாவதற்குக் காற்புள்ளி, மூன்றாவதற்குத்தான் கேள்விக்குறி.

வன்னியில் சண்டை உக்கிரமாயிருந்த அந்த ஆண்டு நாங்கள் ஜெர்மனியில், டோர்ட்முண்ட் நகரில் இருந்தோம். எனக்குப் பதினொரு வயது. ஆங்கிலம் படிக்கத் தொடங்கியிருந்தேன். வசன முடிவில் குறியிட மறந்த இடமெல்லாம் ஆசிரியை சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்ததில், எதை எழுதினாலும் கடைசியில் ஒரு புள்ளி வைத்துவிட வேண்டும் என்ற பயம் எனக்குள் ஊறிப்போயிருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, தமிழ்க் கடைக்குப் போன அப்பா வெறுங்கையுடன் திரும்பி வந்தார். வன்னியிலிருந்த சிவா மாமா, அம்மாவின் ஒரே தம்பி, ஷெல் விழுந்து இறந்துவிட்டதாகக் கடையில் யாரோ சொன்னார்களாம். லண்டனிலிருந்த பெரியம்மாவுக்கு விபரம் தெரிந்திருக்கும் என்று அம்மா மாறி மாறி அழைத்தார். பெரியம்மாவும் எடுக்கவில்லை, அவர் மகன் கபிலன் அண்ணாவும் எடுக்கவில்லை. அண்ணாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

"நீ இங்கிலிஷிலை எழுது பிள்ளை. மாமா செத்திட்டாரோ எண்டு கேள். கெதியா!"

அம்மா தோளைப் பிடித்து உலுக்க, சொற்களின் வரிசையை மாற்றத் தெரியாமல் "அங்கிள் சிவா இஸ் டெட்" என்று எழுதி, ஒன்றாம் விசையை ஒரேயொரு முறை அழுத்தி அண்ணாவுக்கு அனுப்பிவிட்டேன்.

பின்னேரம் கனடாவிலிருந்து சித்தி அழைத்தார். "ஓம் அக்கா, உண்மைதானாம். லண்டனிலை இருந்து இப்பத்தான் சொன்னவை."

அம்மா தரையில் விழுந்து கதறினார். அப்பா மாமாவின் படத்துக்கு மாலை போட்டார்.

செய்தி கேட்டு மயங்கி விழுந்து மருத்துவமனையில் கிடந்த பெரியம்மா, மூன்றாம் நாள்தான் அழைத்தார். "உனக்கு ஆர் சொன்னது?"

"நீங்கள்தானே கனடாவுக்குச் சொன்னனீங்கள்?"

"உன்ரை மெசேஜைப் பாத்துத்தானேயடி சொன்னனாங்கள்!"

அனுப்பியதைத் திறந்து பார்த்தேன். அப்பாவிடம் நீட்டினேன். "நான் கேள்வியாத்தான் எழுதினனான் அப்பா, புள்ளி விழுந்திட்டுது." அவர் அதை வாசித்துவிட்டு எழுந்துபோய்ப் படத்திலிருந்த மாலையைக் கழற்றினார்.

அதன்பின் ஒரு மாதம், மாமா இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் வீட்டில் யாரும் உரத்துப் பேசவில்லை. பிறகு வவுனியாவிலிருந்து ஒரு குரல்: "அக்கா, நான்தான். உயிரோடை இருக்கிறன்." அம்மா அழுதுகொண்டே சிரித்தார். ஆனால் பெரியம்மாவின் மனம் ஆறவில்லை. "சாவு விசாரிக்கச் சின்னப் பிள்ளையையே விடுறது?" என்று கேட்டவர், பிறகு அம்மாவை அழைக்கவேயில்லை. அம்மா அழைத்தாலும் எடுக்கவில்லை.

இப்போது பெரியம்மா இல்லை. அந்தச் செய்தியைக் கபிலன் அண்ணா எழுதி அனுப்பவில்லை. என்னை அழைத்து, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், "அம்மா போயிட்டா" என்றார். அக்காவும் தங்கையும் தொலைபேசியில் மணிக்கணக்காகச் சிரித்துப் பேசிய ஞாயிற்றுக்கிழமைகளை நான் வைத்த அந்தப் புள்ளிதான் முடித்துவைத்தது என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை.