ஆறாவது மீன்

என் சகலை ஒரு மடையர் என்பதை, ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில், முப்பது பேர் கேட்கும்படி நான் நிரூபித்தேன். அவர் என் மனைவியின் அக்காள் புருஷர். தி. நகரில் புது வீடு கட்டி, கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, மூன்று தடவை தங்கமீன் வாங்கி விட்டு, மூன்று தடவையும் சாகடித்தவர்.

"மீன் வளர்க்கறதுக்குக்கூட மூளை வேணும், ஓய்!" என்றேன். பந்தி சிரித்தது.

"நீர் வளர்த்துக் காட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வந்து பார்க்கறேன்."

"வாரும். ஆறு மீன் விடறேன். ஒண்ணு செத்தாலும், அடுத்த கல்யாணத்துலே இலைக்கு இலை போய், நான்தான் மடையன்னு சொல்லிக்கொள்ளும்."

அதுவரை நான் மீனைப் பார்த்தது கபாலி கோயில் குளத்துப் படிக்கட்டிலிருந்துதான். அதுவும் பொரி போடும்போது. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவன். உலகத்துக் கடல்களையெல்லாம் குச்சியால் தொட்டுக் காட்டுகிறவனுக்கு ஒரு தொட்டித் தண்ணீரா பிரமாதம்?

கச்சேரி ரோடு பக்கம் தகர வேலை செய்யும் பாய் ஒருவர், இரும்புச் சட்டம் வைத்து, கண்ணாடி பதித்து, ஒழுகாமல் இடுக்குகளில் மக்கு பூசித் தொட்டியைச் செய்து கொடுத்தார். கொடுக்கும்போது, "கொயா தண்ணிய ரொப்பி ரெண்டு நாளு தொறந்தாப்புல வெச்சுடு சாமி. அப்பால மீன வுடு" என்றார். தகரம் தட்டுகிறவர் எனக்குத் தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுப்பதா என்று நினைத்துக்கொண்டேன். அந்த மாதிரி நினைப்புகள் எனக்குத் தடையின்றி வரும்.

எங்கள் தெருவில் அந்த வருஷம் டைபாய்டு. காய்ச்சாத தண்ணீர் எங்கள் வீட்டில் யார் உதட்டையும் தாண்டாது. நமக்கு ஆகாத தண்ணீர் மீனுக்கு மட்டும் ஆகுமா? சனிக்கிழமை முழுதும் தவலை தவலையாகக் கொதிக்க வைத்தேன். விறகு கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த யுத்த காலம்.

"ஏன்னா, எனக்கு ஒரு நாள் வெந்நீர் வெச்சுக் குடுத்திருக்கேளா?" என்றாள் மனைவி. "மீனுக்கு மிளகு ரசமும் உண்டோ?"

அவளுக்கு விஞ்ஞானம் தெரியாது என்று மன்னித்தேன். கொதித்த தண்ணீரை வேஷ்டித் துணியில் வடிகட்டி, ஆறவைத்து, தூசி விழாமல் தட்டுப் போட்டு மூடினேன். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குத் தொட்டியை நிரப்பி, வாங்கி வந்திருந்த ஆறு மீன்களையும் விட்டேன்.

கால் மணி நேரத்தில் ஆறும் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடின. எஜமானனுக்கு நமஸ்காரம் செய்கின்றன என்றே நினைத்தேன். பிறகு ஒன்று லேசாகச் சாய்ந்தது. பாதி முகத்தில் சவர நுரையோடு கச்சேரி ரோட்டுக்கு ஓடினேன். நாற்பத்து மூன்று வயது மனிதன் வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவதில் எந்த அழகும் இல்லை.

"இன்னா சாமி, பாதி மூஞ்சோட வந்துக்கினு கீற?"

"பாய், மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பொளக்கறது!"

"இன்னா தண்ணி ஊத்துன?"

"காய்ச்சி, வடிகட்டி..."

"காச்சுனியா?" பாய் சுத்தியலைக் கீழே வைத்தார். "மீன வளக்கப் போறியா, கொயம்பு வெக்கப் போறியா? காச்சுனா தண்ணில கீற காத்தெல்லாம் பூடும் நைனா. அது எத்த மூச்சு வுடும்? ஓடு. சொம்புல மொண்டு மொண்டு ஒசரத்துலேந்து ஊத்திக்கினே இரு. ஊட்ல காப்பி ஆத்துவியே, அத்தாட்டம்."

வந்து முக்காலியில் ஏறி ஆற்றினேன். மொண்டேன், கையைத் தலைக்கு மேலே தூக்கினேன், ஊற்றினேன், மறுபடி மொண்டேன். நுரை பொங்கியது. கூடமெல்லாம் தண்ணீர். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. மீன்கள் வாயைப் பிளந்ததைவிட நான்தான் அதிகம் பிளந்தேன். ஒவ்வொன்றாக அவை கீழே இறங்கி நீந்தத் தொடங்கின. ஒன்று, இரண்டு, ஐந்து. ஆறாவது மல்லாந்து மிதந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். "என்ன ஓய், மீனெல்லாம் சௌக்கியமா?"

யோசிக்கிற மூளையாக இருந்தால் இந்த நிலைமைக்கே வந்திருக்க மாட்டேன். செத்த மீனை எடுத்தேன், இடுப்பில் வெற்றிலை செருகுவது போல வேஷ்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். ஆசாரமான வீடு அது. என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சகலை விரலை நீட்டி எண்ணினார். மறுபடி எண்ணினார். முகம் மலர்ந்தது. "அஞ்சுதானே இருக்கு?"

தொட்டி மூலையில் ஒரு கருங்கல் கிடந்தது. "கல்லுக்குப் பின்னாலே ஒண்ணு. கொஞ்சம் கூச்ச சுபாவம்," என்றேன். "பார்வை நன்னா இருக்கறவாளுக்கு உடனே தெரியும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். இடது பக்கம் குனிந்தார், வலது பக்கம் குனிந்தார். என் இடுப்பிலிருந்து சொட்டு தொடை வழியே இறங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிஷம் கழித்து அவர் நிமிர்ந்தார்.

"அடடே, ஆமாம்! இப்பத் தெரியறது. வாலை ஆட்டறதே!" என்றார். "ஆறுலேயும் அதுதான் ஓய் லட்சணம்."

நானும் குனிந்து கல்லுக்குப் பின்னால் நன்றாகப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றேன்.