எங்கள் மாடும் டவுன் எல்லையும்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நாலாம் வகுப்போடு நின்றவள். பாதி மறந்தும் போய்விட்டது. முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் இப்போது மலேசியாவில் ஜொகூர் பாருவுக்குள் இருக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்த முப்பதுகளில் அது தனி ஊர். ஒரே தெரு, ஒரு சீனர் கடை, சுற்றிலும் ரப்பர் மரம். ஜொகூர் பாருவுக்குப் போனால் "டவுனுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போவோம். ஒருநாள் டவுனே கிளம்பி எங்களிடம் வந்துவிட்டது.

சுண்ணாம்பு அடித்த கட்டையாகத்தான் அது வந்தது. அளக்கிறவர்கள் வரிசையாக நட்டுக்கொண்டே போனார்கள். கட்டைக்கு அந்தப் பக்கம் டவுன், இந்தப் பக்கம் கம்பம், அதாவது கிராமம். ஒரு கட்டை எங்கள் மாட்டுக்கொட்டகைக்கு நட்டநடுவில் விழுந்தது.

பின்னாலேயே குடையோடு ஒரு கிராணி வந்தார், டவுன் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிறவர். தமிழர்தான்.

"டவுனுக்குள்ள மாடு கட்டக் கூடாதும்மா. ஒரு வாரத்துல வித்துடுங்க."

ரப்பர் விலை விழுந்து அப்பாவுக்கு வேலை போயிருந்தது. அம்மா பால் ஊற்றித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. இருந்ததும் அந்த ஒரு மாடு.

"பாதி மாடு கம்பத்துலதாங்க நிக்குது" என்றாள் அம்மா.

கிராணி குனிந்து பார்த்தார். "வாலு டவுனுல இருக்கே. சாணி டவுனுல விழுது பாருங்க."

மறுநாளே அம்மா மாட்டைத் திருப்பிக் கட்டினாள். தலை டவுன், வால் கம்பம். கிராணி வந்து, எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே வெகுநேரம் யோசித்தார். அப்பா சும்மா இருந்திருக்கலாம்.

"தலை எங்க இருக்கோ அதானேங்க ஊரு?" என்றார்.

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் கிராணி.

"நீங்க யாரு பக்கம்?" என்று அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் நியாயத்தச் சொன்னேன்."

"நியாயத்தக் கறந்து ஊத்துங்க நாளைக்கு!"

மாடு இந்தச் சண்டையில் சேரவில்லை. விலா அரித்தபோதெல்லாம் கட்டையில் உரசிக்கொண்டது. உரசி உரசிக் கட்டை ஆடிப்போனது. கெடு முடிகிற அன்று காலையில் பார்த்தால், கொய்யாப்பழத்துக்கு ஆசைப்பட்டு முளையைப் பிடுங்கிக்கொண்டு, டவுன் பக்கம் இருந்த கொய்யாமரத்தடிக்குப் போய் நிற்கிறது. கயிற்றில் சிக்கிக்கொண்டு எல்லைக்கட்டையும் கூடவே போயிருக்கிறது.

அம்மா கடப்பாரையை எடுத்து, கட்டை கிடந்த இடத்திலேயே குழி தோண்டி நட்டாள்.

"அலமாக்! அங்கயா நடுறே?" என்றார் அப்பா.

"மாடு வச்ச எடத்துல வச்சேன். நான் என்ன அளக்கப் படிச்சவளா?"

கிராணி வந்தார். கொட்டகை முழுசும் இப்போது கம்பத்தில் இருந்தது. கட்டையைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். "இது இங்கயா இருந்துச்சு?"

அப்பா வாயைத் திறந்தார். அம்மா அதில் காப்பிக் குவளையை வைத்துவிட்டாள்.

கிராணி என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ சொல்லு. பள்ளிக்கூடத்துப் பிள்ளை பொய் சொல்லாது."

வெளி ஆள் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கும் அப்படித்தான். ஓடிப்போய் மாட்டின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மாடு திரும்பி என் சடையை மெல்ல ஆரம்பித்தது.

"பிள்ளை இல்லைன்னு சொல்லலையே" என்றார் கிராணி. "கட்டை நிக்கிற எடந்தான் எல்லை. எனக்கென்ன. இன்னொரு காப்பி குடுங்கம்மா."

என் வெட்கம் வீட்டுக்கு உதவியது அந்த ஒரு தடவைதான். மாடு அங்கேயே இருந்து கிழடாயிற்று. பிறகு டவுன் மறுபடியும் வந்து, கம்பத்தையும் சேர்த்து முழுங்கிவிட்டது. பழைய எல்லை மேலேயே பெரிய ரோடு போட்டார்கள். கொய்யாமரம் இருந்த இடத்தில் அந்த ரோடு ஒரு வளைவு வளைகிறது. பஸ்ஸில் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்கிறார்கள், என் மருமகள் திட்டுகிறாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்கிறேன்.

மாடு செவலை என்கிறேன் நான். கறுப்பு என்கிறாள் என் தங்கை. அது கிடக்கட்டும். பழைய வரைபடம் பார்க்கத் தெரிந்தவர்கள் யாராவது அந்த வளைவு எங்கள் மாட்டால் வந்ததுதானா என்று பார்த்துச் சொன்னால் நல்லது. இல்லையென்றால், தங்கையிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.