தடிப் புத்தகத்துக்குப் பாடு

மளிகை கட்டிவந்த காகிதத்தைப் படித்து முடிக்காமல் நான் பருப்பை அம்மாவிடம் கொடுத்ததில்லை. தாள் பாதியில் கிழிந்திருந்தால், மீதிப் பாதி எங்கே என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டிருக்கிறேன். அப்படி ஒரு புத்தக வெறி. எழுபதுகளின் கடைசி அது. பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்தில் புத்தகம் என்று ஏதாவது இருந்தால் அது பள்ளிக்கூடப் பாடப் புத்தகம்தான்.

நான் ஆறாம் வகுப்பு வந்த வருஷம், எங்கள் டீச்சர் பொன்னேரியிலிருந்து ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே பத்தொன்பது புத்தகங்கள்! பிள்ளைகள் முப்பத்து நாலு பேர். கிடைத்தவர்கள் வாரம் ஒரு புத்தகம் எடுத்துப் போகலாம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் எழுந்து நின்று அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு அவர் வைத்த பெயர் புத்தக அறிக்கை. யாருக்கு எதைக் கொடுப்பது என்று அவர் யோசிப்பதற்குள் வகுப்பே கத்தியது: "பாடு போடலாம் டீச்சர்!"

ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை எங்கள் ஊர் ஆண்கள் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். அதற்குத்தான் பாடு என்று பெயர். ஒருவருடைய பாடு நாளில் இன்னொருவர் வலை போடக் கூடாது. நாங்கள் அதையே வகுப்புக்குச் சட்டமாக்கினோம். அடுத்தவர் புத்தகத்தைத் தொட்டால் தொட்டவருக்கு அந்த வருஷம் பாடே கிடையாது. டீச்சர் சிரித்துக்கொண்டே சீட்டுக் குலுக்கச் சாக்பீஸ் டப்பாவைக் காலி செய்து கொடுத்தார்.

பெட்டியில் ஒரு தடிப் புத்தகம் இருந்தது. அட்டை கிடையாது. கப்பல் உடைந்து, மிதக்கும் பலகைகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஐந்து பேர் நடுக்கடலில் தவிக்கும் கதை. முதல் பக்கத்தை எட்டிப் பார்த்ததுமே எனக்குக் கை பரபரத்தது. ஆனால் என் சீட்டில் வந்தது பல் விளக்குவதைப் பற்றி எட்டுப் பக்கம். வருஷம் முழுவதுக்கும் அன்றைக்கே குலுக்கி வரிசை போட்டதில், தடிப் புத்தகம் என் கைக்குப் பொங்கல் கழிந்துதான் வரும். அதன் முதல் பாடு எங்கள் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு விழுந்தது.

அவள் வகுப்பில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஒரு வரி முடிவதற்குள் அவளுக்கு வேர்த்துவிடும். அது எனக்கு மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பேரும் அவள் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து இறால் உரிப்போம். முதல் நாளே புத்தகத்தை என் மடியில் போட்டாள்.

"நீ படி. உன் கூடையயும் நானே உரிச்சிர்றேன்."

ஐயோ, அந்த நாலு நாள்! தண்ணீர்ப் பீப்பாய் ஒழுகுகிறது, ஒருவனுக்குக் காய்ச்சல், பலகைக் கட்டு அவிழ்கிறது. நான் தொண்டை கிழியப் படிக்கிறேன். அவள் விரல்கள் பாட்டுக்கு உரித்துக்கொண்டே இருக்கின்றன. நடுநடுவே என்னை நிறுத்துவாள்.

"காத்து எந்தப் பக்கத்துலேர்ந்துடி?"

"அதெல்லாம் போடலடி."

"வாடைக் காத்தாத்தான் இருக்கும். எழுதுனவனுக்குத் தெரியல, வுடு."

வியாழக்கிழமை விளக்கு வைக்கும் நேரம், தூரத்தில் ஒரு கப்பலின் பாய் தெரிந்தது. அது யாருடைய கப்பல்? அதற்குள் அவள் அம்மா வந்து எங்களை எழுப்பிவிட்டார். நாற்பது பக்கம் மிச்சம்.

வெள்ளிக்கிழமை நான் பல் விளக்குவதைப் பற்றிச் சொன்னேன். ஒருவரும் காது கொடுக்கவில்லை. பிறகு அவள் எழுந்தாள். புத்தகத்தை மூடி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சொன்னாள் பாருங்கள், எழுதினவரே தோற்றார்! காற்று வாடையாகத் திரும்பியதையும், உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றித் துப்பியவனையும் அவள் சொல்லச் சொல்ல வகுப்பே வாயைப் பிளந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் தெரியாது. நாப்பது பக்கம் பாக்கி."

கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. படித்தது நான், கைத்தட்டல் அவளுக்கா?

"டீச்சர், அவளுக்குப் படிக்கவே தெரியாது. நான்தான் படிச்சேன்!"

அவள் முகம் செத்துப்போனது. சொன்ன வார்த்தையை அப்படியே விழுங்கிவிட மாட்டோமா என்று இருந்தது எனக்கு. ஆனால் வகுப்பு என்னைத்தான் பார்த்தது.

"அவ பாடுல நீ கைய வெச்சியா?" என்றாள் முதல் பெஞ்சுக்காரி. "அப்ப இந்த வருசம் உனுக்குப் பாடு கட்!"

"கட்! கட்!" என்று எல்லாரும் கத்தினார்கள். பொங்கலுக்குப் பிறகு வரும் என் முறையும் போய்விட்டால், அந்தக் கப்பல் யாருடையது என்று எனக்குத் தெரியவே போவதில்லை. சட்டம் போட்டபோது எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியவள் நான்தான்.

அப்போது பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"பாடு என்னுது. பாடு வந்தவங்க வலை இழுக்க ஆளு இட்டுக்கினு போறதில்லியா? எங்க நைனா ஒத்தையாவா இழுக்குறாரு? இவ என் ஆளு. இதுல தப்பு இன்னா?"

அங்கே இருந்த அத்தனை பேர் வீட்டிலும் ஆள் கூட்டிப் போகிறவரோ, ஆளாகப் போகிறவரோ இருந்தார். டீச்சரே தலையாட்டிவிட்டார்.

"மணி அடிக்கிற வரிக்கும் என் பாடுதான டீச்சர்? மீதிய என் ஆளு இங்கியே படிக்கட்டும்" என்று புத்தகத்தை என்னிடம் நீட்டினாள்.

படித்தேன். மணி அடித்தது; ஒருவரும் எழுந்திருக்கவில்லை. டீச்சர் பொன்னேரி பஸ்ஸை விட்டுவிட்டார். கப்பல் அவர்களைக் கவனிக்காமல் கடந்துபோனபோது முதல் பெஞ்சுக்காரி அழுதாள். அது திரும்பி வந்தபோது பாதிப் பேர் பெஞ்சு மேல் ஏறிக் குதித்தோம்.

வீட்டுக்குப் போகும்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எம்மேல கோவம் இல்லியாடி?"

"இல்லாம? உன்ன ஏரில தள்ளணும்னு இருந்துச்சு."

"அப்புறம் ஏன்டி காப்பாத்துன?"

இது என்ன கேள்வி என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"உனுக்குப் பாடு போயிட்டா, அந்த நாப்பது பக்கத்த எனக்கு யாருடி படிச்சுக் காட்டுவா?"

ஊரிலேயே புத்தக வெறி பிடித்தவள் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். மிச்ச வழி முழுக்க அவள் கதையை முதலிலிருந்து மறுபடியும் சொல்லிக்கொண்டு வந்தாள்.