எழுப்பாமல் விட்ட அண்ணன்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையிலுள்ள அந்த ஹார்ட்வெயார் கடையில் கஜேந்திரனின் மீசையைப் பற்றித்தான் பேச்சு. ஐம்பதைத் தாண்டிய மனிதன், வருசம் முழுக்க ஆசையாக வளர்த்ததைத் திருவிழாவுக்கு முதல் நாள் மழித்துவிட்டு வந்து நிற்பான். முதலாளி ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் கல்லாவில் இருந்தபடியே, "தங்கச்சி வந்தாச்சு, ஒரு கதிரை போடுங்க" என்பார். கடையே சிரிக்கும். கஜேந்திரனும் சிரித்துவிட்டு ஆணி நிறுக்கப் போவான்.

நாவலப்பிட்டிக்கு மேலே, அவன் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் வருசந்தோறும் ஆடுகிற படுகளக் கூத்தில் தங்கச்சி வேஷம் அவனுடையது. கதை பெரிதாக ஒன்றுமில்லை. பகைவர் கோட்டையைச் சுற்றி வளைக்கிறார்கள். அண்ணன்மார் வெளியே வந்து சண்டை பிடித்து விழுகிறார்கள். விடிந்தபின் தங்கச்சி களத்துக்கு வந்து, விழுந்து கிடக்கிற ஒவ்வொருவருக்கும் ஒப்பாரி வைத்து, தீர்த்தம் தெளித்து எழுப்புகிறாள். நிஜத்தில் எந்தச் சண்டையும் இப்படி முடிந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, சனம் இதைச் சலிக்காமல் பார்க்கிறது.

விழுந்தவர்கள் மேல் வெள்ளைத் துணி போர்த்துவார்கள். துணி போர்த்திய பிறகு அது விளையாட்டில்லை. அவர்களுடைய தாய்மார் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் காத்திருப்பார்கள். தங்கச்சி எழுப்பாமல் ஒருவனும் தானாக எழும்பக் கூடாது. எழும்பினால், அவன் ஊரெல்லாம் நடந்து திரிந்தாலும் களத்தில் கிடப்பவன்தான் என்பது தோட்டத்துச் சனத்தின் நம்பிக்கை.

கஜேந்திரனின் அண்ணன் ராஜலிங்கம் அப்படித் தானாக எழும்பினவன்.

அது எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி, நாடு முழுக்கத் தமிழரை அடித்து எரித்த கலவர நாட்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால்தான் களம். ராஜலிங்கம் துணிக்குக் கீழே கிடந்தான். தங்கச்சி வேஷக்காரர் செம்போடு வந்து சேர்வதற்குள் கீழ்ப் பாதையில் லொறிகள் வந்து நின்றன. பொல்லும் பெற்றோல் கேனுமாக ஆட்கள் இறங்கினார்கள். கூத்துக்காரர் கையில் இருந்ததெல்லாம் மர வாள். ராஜலிங்கம் துணியை உதறி எறிந்துவிட்டு, தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தேயிலைக்குள் ஓடினான். பின்னேரம் திரும்பி வந்தபோது லயத்து வீடுகள் எரிந்து முடிந்திருந்தன. வெள்ளைத் துணி களத்திலேயே கிடந்தது. அவர்களுடைய தாய் நல்லம்மா அதை எடுத்து மடித்து வைத்துக்கொண்டாள்.

"இங்க இருந்தா காலம் பூரா ஓடிக்கிட்டேதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு ராஜலிங்கம் வன்னிக்குப் போனான். பாவம், அங்கே ஓட வேண்டியிருக்காது என்று நினைத்தான். கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டி, தனி ஆளாக மிளகாய்த் தோட்டம் போட்டான். தீபாவளிக்குத் தீபாவளி வந்துகொண்டிருந்தவன், சண்டை முற்றிப் பாதை பூட்டியபின் வரவில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் கடலுக்கும் களப்பு நீருக்கும் நடுவே சனத்தை வளைத்து அடித்தார்களே, அதற்குள் அவனும் அகப்பட்டான் என்பது வரைக்கும்தான் நல்லம்மாவுக்குத் தெரியும்.

கஜேந்திரனுக்கு மிச்சமும் தெரியும். ராஜலிங்கத்தின் பக்கத்துக் காணிக்காரி அங்கம்மா, முகாமிலிருந்து வெளியே வந்ததும் கடைக்கே தேடி வந்து சொன்னாள். "செல் விழுந்துச்சுங்க. பதுங்குகுழியிலேயே மண்ணள்ளிப் போட்டு மூடிட்டு ஓடினோம். ஒரு குச்சி ஊனி வைக்கக்கூட நேரமில்ல." அவளுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்து அவன் ஆணி நிறுத்தான். தாயிடம் சொல்லவில்லை. இந்தத் தீபாவளி போகட்டும், அந்தப் பொங்கல் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தான். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கோழைத்தனம் செய்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர். இவனும் அதில் ஒருவன்.

ஒரே ஒருவரிடம் சொன்னான். இரண்டாயிரத்துப் பதினெட்டில் கண்டிப் பக்கம் முஸ்லிம் கடைகளை எரித்த நாட்களில், ஹாஜியாரும் அவனும் ஷட்டரை இழுத்துவிட்டு உள்ளே அடைபட்டுக் கிடந்தார்கள். ஷட்டரில் கல் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. கேட்டு முடித்த ஹாஜியார், "உம்மாக்கிட்ட சொல்லிடுங்க கஜேந்திரன். பாவம், அவங்க காத்துட்டு ஈக்கிறாங்க" என்றார். ஷட்டர் எப்படியோ தாங்கியது. கஜேந்திரன் அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

போன ஆடியில் அவன் மீசையை மழித்துக்கொண்டு வீட்டுக்குப் போனபோது, நல்லம்மா றங்குப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழுப்பேறிய அந்தத் துணி மடியில் இருந்தது.

"இந்த வருசம் பெரியவனுக்கும் துணி விரிக்கணும். அன்னிக்கு எழுப்பாம விட்டுட்டோம்ல, அதான் புள்ள வழி தெரியாம எங்கேயோ கெடக்குறான். நீ எழுப்பிவிடு, வந்துருவான்."

"ஆளில்லாம வெறுந்துணிய எப்படிம்மா எழுப்புறது?"

"மாஸ்டர்கிட்ட கேட்டாச்சு."

கூத்து மாஸ்டர் மயில்வாகனமும் அவள் பக்கமே பேசினார். "நம்ம களத்துல நடந்த குறைதானே கஜேந்திரா. வயசான மனுசி, மனசு ஆறட்டுமே." அன்றைக்காவது வாயைத் திறந்திருக்கலாம். அவன் சேலை மடிப்பைச் சரி பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் பனி விலகியதும் தப்பு முழங்கியது. கஜேந்திரன் செம்பும் வேப்பிலையுமாகக் களத்துக்குள் வந்தான். ஒவ்வொரு துணியாக எழும்பியது. எழும்பின பிள்ளைகளைத் தாய்மார் கட்டிக்கொண்டு அழுதார்கள். கடைசியில் மிஞ்சியது, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்த துணி. பக்கத்தில் நல்லம்மா கை கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் ஒப்பாரி வைக்கக் குனிந்தான். அத்தனை வருசமாக அண்ணனுக்காக அழுதிராத அழுகை அன்றைக்குத்தான் வெடித்தது. பாட்டை மறந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "இந்த வருசம் தங்கச்சி நல்லா அழுவுது" என்று பின்னால் யாரோ மெச்சினார்கள்.

செம்பைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். தெளிக்காமல் திரும்பிவிட்டால் போதும், விசயம் தாய்க்குப் புரிந்துவிடும். வாய் திறந்து சொல்ல வேண்டிய பாடுகூட இல்லை. அவன் தாயைப் பார்த்தான். முதல் நாளிலிருந்து ஒன்றும் குடியாமல் அவள் உதடு வெடித்திருந்தது. "எழுப்புடா சாமி" என்றாள்.

தெளித்துவிட்டான். "எழுந்திரு அண்ணே" என்று சத்தமாகவும் கூப்பிட்டான். நனைந்த துணி மண்ணோடு ஒட்டிக்கொண்டது. பெண்கள் குலவை போட்டார்கள். நல்லம்மா தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வாய் நிறையச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து, செய்தது சரிதான் என்று அவனும் அன்று முழுக்க நம்பினான்.

பிறகுதான் வந்தது வினை. நல்லம்மா கதவுக்குக் கொண்டி போடுவதை நிறுத்தினாள். பெரியவனுக்கென்று ஒரு கோப்பையில் சோறு எடுத்து மூடி வைத்தாள். பின்னேரமானால் தடியை ஊன்றிக்கொண்டு பஸ் நிற்கிற சந்திக்கு இறங்கிவிடுவாள். சனிக்கிழமைகளில் கஜேந்திரன் கண்டியிலிருந்து வந்து இறங்கும்போது, அவள் கண் அவனைத் தாண்டி, பின்னால் யார் இறங்குகிறார்கள் என்று தேடும். பெற்ற தாய் தன்னைப் பார்க்காமல் பார்ப்பதை அவனால் தாங்க முடியவில்லை.

கார்த்திகை மழையிலும் அவள் நிறுத்தவில்லை. இருமல் நெஞ்சில் இறங்கியது. இனிமேலும் மறைத்தால் தாயைக் கொன்ற பாவம் தன் தலையில்தான் என்று ஒரு சனிக்கிழமை அவளை அடுப்படியில் உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். அங்கம்மா வந்ததைச் சொன்னான். செல்லைச் சொன்னான். மண்ணள்ளி மூடியதையும் விடாமல் சொன்னான்.

நல்லம்மா அழவில்லை. கவனமாகக் கேட்டாள்.

"இது எப்ப நடந்துச்சு?"

"ஒம்பதாம் வருசம்மா. சண்டை முடியிறதுக்குக் கொஞ்சம் முந்தி."

அவள் முகம் தெளிந்துவிட்டது. அவன் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள்.

"அது பழைய கதடா. அதுக்குப் பெறகு, இந்த ஆடியிலதானே நீயே எழுப்பிவிட்ட."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து தடியைத் தேடினாள்.

"கடைசி பஸ் வர்ற நேரம். கொடைய எடுத்துக்கிட்டு வா."

அவன் குடையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனான்.